பாலே நடனப் பிரிண்ட்களைச் சேகரிப்பது எப்படி? ராயபுரத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீடு ராயபுரத்தில் இருக்கிறது. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் நடக்கும் தூரம்தான். கூடத்தில், கடல் காற்று நேராகப் படாத சுவரில், ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்து குனிந்து காலணி நாடாவை முடிந்துகொண்டிருக்கிறாள். இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்தால் மறைந்துவிடும் அளவுப் படம். செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, மை தடவி, ஈரத் தாளில் அழுத்தி எடுத்தது. கீழே இடது ஓரத்தில் பென்சிலால் 14/40 என்று எழுதியிருக்கும். வலது ஓரத்தில் கலைஞரின் கையெழுத்து. வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், "இது பரதம் இல்லையே, எதுக்கு மாட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள். மீதிப் பேர், "நாப்பதுல பதினாலுன்னா என்ன?" என்பார்கள்.

இரண்டாவது கேள்விக்கான பதில்தான் இந்த வழிகாட்டி. முதல் கேள்விக்கும் வழியில் பதில் வரும்.

என் தாத்தா தங்கசாலைப் பக்கம் ஒரு லித்தோ அச்சகத்தில் வேலை பார்த்தவர். எந்தத் தாளைக் கையில் கொடுத்தாலும் முதலில் திருப்பி அதன் முதுகைத்தான் பார்ப்பார். அப்புறம் விளிம்பைத் தடவுவார். படத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பார். நான் சேகரிக்கத் தொடங்கிப் பணம் இழந்த பிறகுதான் அந்த வரிசை எவ்வளவு சரி என்று புரிந்தது. எண்ணை நம்பி வாங்காதீர்கள், தாளைப் படித்து வாங்குங்கள் என்பதைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: நடனத்தைப் பாருங்கள்

பாலே தெரியாமல் பாலே படம் வாங்கினால் கவுனின் அழகுக்கு மயங்கித்தான் வாங்குவோம். ஒரு மாதம் எதையும் வாங்காமல் பொறுத்து, இணையத்தில் கிடைக்கும் முழு நிகழ்ச்சிகளையும் ஒத்திகை வகுப்புகளையும் பாருங்கள். பரதம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டமில்லை. அரைமண்டியில் முழங்கால்கள் பக்கவாட்டில் விரிவதுபோல, பாலேயிலும் இடுப்பிலிருந்தே கால்களை வெளிப்பக்கம் திருப்புகிறார்கள். அங்கே முழங்கால் மடிவதை ப்ளியே என்பார்கள். ஆனால் நம் நடனம் தரையை மிதித்து ஓசை எழுப்புகிறது, பாலே தரையைவிட்டு மேலே போகப் பார்க்கிறது. நுனிக்காலில் நிற்பதை ஒரு கலையாகவே நிலைநிறுத்தியவர் மரி தாலியோனி. 1832-ல் பாரிஸில் 'லா சில்ஃபீட்' என்ற பாலேயில் ஆடி அதைச் செய்தார்.

சென்னைக்காரர்களுக்கு இந்த நடனம் முழுக்க அந்நியமும் இல்லை. ருக்மிணி தேவி அருண்டேல் ரஷ்ய பாலே நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்பால் பாலே கற்றுக்கொள்ளத் தொடங்கினார். பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டி அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். உங்கள் நாட்டு நடனத்தைத் தேடிப் பாருங்கள் என்று தூண்டியதும் பாவ்லோவாதான். 1936-ல் கலாக்ஷேத்ரா பிறந்ததற்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது. ஆகவே என் கூடத்தில் பாலே பெண் ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்பவர்களுக்கு, அவள் நமக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்வேன்.

பார்க்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்கப் பழகுங்கள்: எடை எங்கே இருக்கிறது? ஒற்றைக் காலில் நிற்கும் பெண்ணின் இடுப்பிலிருந்து மனதுக்குள் ஒரு தூக்குக்குண்டு நூலை இறக்கிப் பாருங்கள். அது ஊன்றிய காலின் மேல் விழ வேண்டும். விழாவிட்டால் அவள் விழுந்துகொண்டிருக்கிறாள், கலைஞர் அதைக் கவனிக்கவில்லை. ஃபோட்டோவைப் பார்த்து வரைந்த சுமாரான படங்களில் இந்தப் பிழை நிறைய இருக்கும். கழுத்தையும் பாருங்கள். நல்ல படத்தில் கை மேலே போனாலும் தோள் காதுக்கு ஏறாது.

இரண்டாம் படி: எதைப் பிரிண்ட் என்கிறார்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

இதில் தெளிவு வந்தால் பாதிப் பணம் தப்பிக்கும்.

ஒரு வகை, பிரிண்டாகவே பிறந்த படம். கலைஞர் தகட்டிலோ கல்லிலோ மரத்திலோ லினோலியத்திலோ தானே வேலை செய்கிறார். அதிலிருந்து தாளில் எடுப்பதுதான் மூலப்படைப்பு. வேறு எங்கும் 'ஒரிஜினல்' என்று தனியாக எதுவும் இல்லை. நாற்பது பிரதி எடுத்தால் நாற்பதும் ஒரிஜினல்தான்.

இன்னொரு வகை, ஏற்கெனவே இருக்கும் ஓவியத்தை ஸ்கேன் செய்தோ படம் பிடித்தோ அச்சிட்ட நகல். ஆஃப்செட்டாக இருக்கலாம், நல்ல இங்க்ஜெட்டில் எடுத்த ஜிக்லேயாகவும் இருக்கலாம். ஜிக்லே என்ற பெயரே 1991 வாக்கில் அமெரிக்காவில் வைத்ததுதான். நகல் என்பதால் கெட்டது என்றில்லை. உயிரோடு இருக்கும் கலைஞர் தானே நிறம் பார்த்து, எண் போட்டு, கையெழுத்திட்ட நல்ல ஜிக்லே வீட்டுக்கு அழகுதான். ஆனால் எட்சிங்குக்குரிய விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

முதல் வகையில் நீங்கள் அடிக்கடி சந்திக்கப்போகிறவை இவை. எட்சிங்: செப்பு அல்லது துத்தநாகத் தகட்டில் மெழுகுப் பூச்சைக் கீறி, அமிலத்தில் அரிக்க விடுவது. அக்வாடின்ட்: தகட்டில் குங்கிலியப் பொடியைப் படியவைத்து அரித்து, சாம்பல் நிறத் தளங்களைக் கொண்டுவருவது. மேடை இருட்டையும் மெல்லிய பாவாடையையும் காட்ட இதைவிட நல்ல முறை இல்லை என்பது என் எண்ணம். லித்தோகிராஃப்: எண்ணெய்ப் பசையும் நீரும் ஒட்டாது என்ற குணத்தை வைத்துக் கல்லில் வரைவது. ஜெர்மனியில் ஆலோய்ஸ் செனஃபெல்டர் 1790களில் கண்டுபிடித்த இந்த முறையில்தான் என் தாத்தா தலைமுறையும் போஸ்டர் அடித்தது. லினோகட், மரச்செதுக்கு, ஸ்கிரீன் பிரிண்ட் எல்லாம் பார்த்தவுடன் தெரியும். ஸ்கிரீன் பிரிண்டைக் கல்யாணப் பத்திரிகையிலேயே பார்த்திருப்பீர்கள்.

எனக்கு மனதுக்கு நெருக்கமானது டிரைபாயிண்ட். அமிலம் இல்லை, பூச்சு இல்லை. ஊசியால் செம்பை நேராகக் கீறுகிறார்கள். ஏர் உழும்போது மண் இருபக்கமும் எழுவதுபோல, கீறலின் ஓரத்தில் செம்பு பிசிறாக எழும். மை அந்தப் பிசிறில் தங்கிவிடும். அச்சில் கோட்டின் ஓரம் வெல்வெட் துணிபோல மங்கலாகக் கசியும். என் கூடத்துப் பெண்ணின் காலணி நாடா அப்படித்தான் இருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோடு ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் கருமை கசிந்தும் தெரியும். ஆனால் ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் அந்தப் பிசிறு நசுங்கும். சில டஜன் பிரதிகளுக்குள் வெல்வெட் போய் வெறும் கோடுதான் மிஞ்சும். டிரைபாயிண்டில் பதிப்பு சிறியதாக இருப்பதற்குக் காரணம் வியாபாரத் தந்திரம் இல்லை, உலோகமே அவ்வளவுதான் தாங்கும். செம்பின்மேல் இரும்புப் பூச்சு ஏற்றினால் கூடுதலாக எடுக்கலாம், ஆனால் அந்த மென்மை கொஞ்சம் குறையும்.

மூன்றாம் படி: எண்ணைப் படியுங்கள், ஆனால் எண்ணிடம் மயங்காதீர்கள்

14/40 என்றால் பதிப்பில் மொத்தம் நாற்பது, இது பதினான்காவது. வழக்கமாக இடது கீழே எண், நடுவில் தலைப்பு, வலது கீழே கையெழுத்து, எல்லாம் பென்சிலில். மை காலப்போக்கில் மங்கும், பரவும். பென்சில் தாளின் நாரில் உட்கார்ந்துவிடும்.

சிறிய எண் உசத்தி என்று விற்பவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. அச்சிட்ட தாள்கள் காய்ந்து, அடுக்கி, பிறகுதான் எண் போடுகிறார்கள். 1 என்று எழுதிய தாள் முப்பதாவதாக அச்சானதாகவும் இருக்கலாம். டிரைபாயிண்டில் மட்டும் முதலில் எடுத்ததா கடைசியில் எடுத்ததா என்பது முக்கியம். அதையும் எண்ணைப் பார்க்காமல் கோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எண்ணுக்குப் பதில் ஏ.பி. என்று இருந்தால் கலைஞர் தனக்கென்று வைத்துக்கொண்ட பிரதி. வழக்கத்தில் பதிப்பின் பத்து சதவீதம் வரை இப்படி இருக்கும். பி.பி. என்றால் அச்சிட்டவருக்குக் கொடுத்தது. ஹெச்.சி. என்றால் விற்பனைக்கு அல்லாதது, ஆனாலும் சந்தைக்கு வந்துவிடும். ஐம்பது பிரதி என்று சொல்லிவிட்டு இந்த வகையில் இன்னொரு நாற்பது இருந்தால் அந்த ஐம்பதுக்குப் பொருள் இல்லை. அதனால் "மொத்தம் எத்தனை, எல்லாம் சேர்த்து?" என்று கேளுங்கள். "தகட்டை ரத்து செய்துவிட்டீர்களா?" என்றும் கேளுங்கள். பதிப்பு முடிந்ததும் தகட்டின் குறுக்கே கோடு கீறி, இனி எடுக்க முடியாதபடி செய்வது வழக்கம்.

500, 950, 2,000 என்று பதிப்பு போனால் அது அனேகமாக நகல் வகைதான். அந்த எண்ணிக்கையை 'லிமிடெட்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான்காம் படி: தாளைச் சோதியுங்கள்

இதற்கு மூன்று பொருள் போதும். நகைத் தொழில் செய்பவர்கள் கண்ணில் இடுக்கிப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ். ஒரு டார்ச். கடைகளில் கள்ளநோட்டு பார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்கு.

கைகளைக் கழுவித் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். தாளை இரண்டு கைகளாலும் எதிரெதிர் மூலையில் பிடியுங்கள். ஒற்றைக் கையால் தூக்கினால் பிறை வடிவில் ஒரு மடிப்பு விழும், அது சாகும்வரை போகாது.

முதலில் முதுகு. எட்சிங்கோ டிரைபாயிண்டோ என்றால் அழுத்தத்தால் கோடுகள் பின்பக்கம் லேசாகப் புடைத்திருக்கும். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு பதிந்த பள்ளம் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே தெரியும். மரச்செதுக்கில் மை பின்பக்கம் வரை ஊறியிருக்கலாம். பழைய செல்லோடேப்பின் மஞ்சள் தடம், துளை, ஒட்டுப்போட்ட கிழிசல் எல்லாம் முதுகில்தான் தெரியும். விற்பவர் முதுகைக் காட்ட மறுத்தால் நான் அங்கேயே எழுந்துவிடுவேன்.

அடுத்து விளிம்பும் தாளும். நல்ல பிரிண்ட் பருத்தி நாரில் செய்த, அமிலமற்ற தாளில் இருக்கும். ஆர்ஷ், ரீவ், சாமர்செட், ஹானமூல் போன்ற ஆலைகளின் பெயர் சில தாள்களில் நீர்க்குறியாக இருக்கும். டார்ச்சைப் பின்னால் பிடித்தால் தெரியும். ஓரத்தை யாராவது வெட்டிச் சிறிதாக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். தகட்டுப் பள்ளத்தை ஒட்டி வெட்டியிருந்தால் மதிப்பு குறையும்.

பிறகு லென்ஸ். நிறங்கள் பூப்போன்ற சின்னச்சின்னப் புள்ளிக் கூட்டமாகத் தெரிந்தால் அது ஆஃப்செட். வார இதழ் அட்டையை ஒருமுறை லென்ஸில் பார்த்துவிட்டால் பிறகு மறக்கவே மறக்காது. ஒழுங்கில்லாமல் தெளித்ததுபோல் நுண்துளிகள் இருந்தால் இங்க்ஜெட். கல்லில் எடுத்த லித்தோவில் கிரேயான் சொரசொரப்பு இருக்கும், புள்ளி வரிசை இருக்காது. எட்சிங்கில் மை தாளுக்கு மேலே மெல்லிய வரப்பாக நிற்கும்.

கையெழுத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பென்சில் என்றால் கிராஃபைட் மின்னும், தாளில் அழுந்திய தடமும் இருக்கும். கையெழுத்தும் புள்ளிகளாகத் தெரிந்தால் அதையும் சேர்த்தே அச்சிட்டிருக்கிறார்கள்.

கடைசியாக ஊதா விளக்கு. தாளை வெண்மையாகக் காட்டும் ரசாயனங்கள் 1950 வாக்கில்தான் காகிதத்துக்குள் வந்தன. 1920களின் பிரிண்ட் என்று சொல்லும் தாள் இருட்டில் நீலமாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் கதை பொய்.

இந்தச் சோதனைகளைத் தெரிந்துகொள்வதற்கு முன் நான் முதலில் வாங்கியது பிரெஞ்சு ஓவியர் டெகாவின் பெயரில் வந்த ஒன்று: 'டெகா, லிமிடெட் எடிஷன், 212/500'. 6,500 ரூபாய். இணையத்தில் ஒருவர் விற்றார். சான்றிதழில் தங்க முத்திரை. வந்த அன்று தாத்தாவின் பழைய லென்ஸை எடுத்துப் பார்த்தேன். நடனப் பெண்ணின் கன்னம் முழுக்கப் புள்ளிப்பூக்கள். எந்தக் கலைஞரும் அந்தத் தாளைத் தொட்டதில்லை. அன்று ராத்திரி வெகு நேரம் தூக்கம் வரவில்லை.

ஐந்தாம் படி: யாரைத் தேடுவது

எட்கர் டெகாவிடம்தான் எல்லோரும் தொடங்குகிறோம். 1834-ல் பிறந்து 1917-ல் இறந்தார். நடனப் பெண்களை மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளில் தொட்டிருக்கிறார். அவற்றில் பெரும்பகுதி மேடை ஜோடனை இல்லை. காத்திருப்பவள், முதுகைச் சொறிபவள், கணுக்காலைப் பிடித்துவிடுபவள், கொட்டாவி விடுபவள். அந்த உழைப்பைப் பார்த்த கண்தான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது.

ஆனால் டெகா பெயரில் விற்பவற்றில்தான் ஏமாற்றம் அதிகம். அவருக்குப் பிடித்த அச்சுமுறை மோனோடைப். தகட்டில் மையால் வரைந்து ஒரே ஒரு பிரதி எடுப்பது. இரண்டாவதாக எடுத்தால் வெளிறிப்போய் வரும். டெகா அந்த வெளிறிய பிரதியின் மேல் பாஸ்டல் என்ற வண்ணக் கட்டியால் தீட்டிப் புதிய படமாக்கினார். அதனால் 'டெகா மோனோடைப், 34/300' என்று எழுதியிருந்தால் அந்த வரியே தன்னைப் பொய்யென்று சொல்லிக்கொள்கிறது. அவர் இறந்து நூறு ஆண்டு தாண்டிவிட்டது. இந்தியாவில் காப்புரிமை கலைஞர் இறந்த பிறகு 60 ஆண்டுகள்தான். டெகா படத்தை இன்று யார் வேண்டுமானாலும் அச்சிட்டு எண் போடலாம். அந்த எண்ணுக்கு அச்சிட்ட கம்பெனியைத் தவிர யாரும் பொறுப்பில்லை.

இன்னொரு வார்த்தையும் தெரிந்திருக்க வேண்டும்: 'டெகாவைத் தழுவி'. ஜார்ஜ் வில்லியம் தார்ன்லி என்பவர் டெகாவின் படங்களை வைத்து லித்தோகிராஃப்கள் செய்தார். 1889-ல் அவை வெளிவந்தபோது டெகா உயிரோடு இருந்தார், அந்த வேலையைக் கூடவே கவனித்தார். இவை நகல் என்று தள்ளக்கூடியவை அல்ல. ஆனால் டெகா கை பட்டவை என்று விற்றால் தவறு.

கலைஞர் இறந்த பிறகு எடுக்கும் பதிப்பு இன்னொரு சிக்கல். டெகாவின் 'பதினான்கு வயதுச் சின்ன நடனக்காரி' சிலையையே பாருங்கள். மாரி வான் கோதெம் என்ற பாரிஸ் ஓபரா பள்ளிச் சிறுமியைப் பார்த்துச் செய்தது. 1881-ல் அவர் காட்சிக்கு வைத்தது மெழுகுச் சிலை. உலக அருங்காட்சியகங்களில் நாம் பார்க்கும் வெண்கலச் சிலைகள் எல்லாம் அவர் இறந்த பிறகு வார்த்தவை. பிரிண்டிலும் பழைய தகடு கிடைத்தால் பிற்காலத்தில் எடுப்பார்கள். மலிவாக இருக்கும், கோடும் தேய்ந்திருக்கும். இறந்த பிறகு எடுத்தது என்று சொல்லி விற்றால் தாராளமாக வாங்கலாம்.

நடுத்தரப் பட்ஜெட்காரர்களுக்கு நான் சொல்லும் பெயர் லாரா நைட். 1877 முதல் 1970 வரை வாழ்ந்த பிரிட்டிஷ் ஓவியர். ரஷ்ய பாலே குழு லண்டனில் ஆடியபோது திரைக்குப் பின்னால் அமர்ந்து வரைந்தவர். எட்சிங்கும் அக்வாடின்டும் தானே செய்தவர். உடை மாற்றும் அறையில் பெண்கள் எப்படி உட்கார்வார்கள் என்பது ஒரு பெண்ணுக்குத் தெரிந்த மாதிரி அதில் இருக்கும்.

பிரெஞ்சு ஓவியர் துலூஸ் லோத்ரெக் 1893-ல் லோயி ஃபுல்லர் என்ற நடனக்காரியை லித்தோவில் செய்தார். சுமார் அறுபது பிரதிகள், ஒவ்வொன்றுக்கும் நிறம் வேறு. ஃபுல்லர் பாலேக்காரி இல்லை, அந்த விலையும் நமக்கு எட்டாது. ஆனாலும் ஒரே பதிப்பில் பிரதிக்குப் பிரதி எவ்வளவு வேறுபட முடியும் என்று தெரிந்துகொள்ள அருங்காட்சியகத் தளங்களில் அதன் பிரதிகளை வரிசையாகப் பாருங்கள். நம் காலத்துக்கு வந்தால், 2005-ல் மறைந்த அமெரிக்கர் ராபர்ட் ஹைண்டலின் நடன ஓவியங்களிலிருந்து கையெழுத்திட்ட பதிப்புகள் கிடைக்கும்.

அப்புறம் நம் ஊர். விஸ்காசிட்டி முறை எனப்படும் பல வண்ண அச்சில் உலகப் புகழ் பெற்ற கிருஷ்ணா ரெட்டி, பாரிஸுக்கும் நியூயார்க்குக்கும் போகும் முன் 1940களின் கடைசியில் கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்தவர். இன்றும் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமி மண்டல மையத்தில் அச்சோவியப் பட்டறை இருக்கிறது. 1850-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரியிலும் அச்சோவியம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கண்காட்சி நடக்கும்போது போய்ப் பாருங்கள். ராயபுரத்திலிருந்து அரை மணி நேரம்தான். மை வாசனையோடு தகடு அச்சு இயந்திரத்திலிருந்து வெளியே வருவதை ஒருமுறை பார்த்தவரை யாரும் ஆஃப்செட்டைக் காட்டி ஏமாற்ற முடியாது.

முக்கியமாக, குறுகலான ஒரு தலைப்பை எடுங்கள். 'பாலே' மிகவும் பெரியது. நான் ஓய்வில் இருக்கும் நடனக்காரிகளை மட்டும் வாங்குகிறேன். மேடைக்கு வெளியே, மூச்சு வாங்கிக்கொண்டு, நாடா கட்டிக்கொண்டு. பத்து வருடத்தில் ஏழுதான் சேர்ந்திருக்கின்றன. அதில் இரண்டு பரதப் பெண்கள், ஒருத்தி சலங்கை கட்டுகிறாள். பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் இரண்டு குனிதலும் ஒன்றாகவே இருக்கின்றன.

ஆறாம் படி: வாங்குவது

கலைஞரிடம் நேராக வாங்குவதுதான் உத்தமம். அடுத்தது பிரிண்ட்களையே தொழிலாக வைத்திருக்கும் காலரி. வெளிநாட்டு ஏலங்களில் லாரா நைட் போன்றவர்கள் வருவார்கள். ஆனால் ஏலத்தில் விழும் தொகைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கமிஷன் உண்டு. நாலில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். அதற்கு மேல் பார்சல், சுங்கம்.

கேட்க வேண்டியதைக் கடிதத்தில் கேளுங்கள், ஃபோனில் வேண்டாம். என்ன முறை, எந்த ஆண்டு, யார் அச்சிட்டது, பதிப்பு மொத்தம் எவ்வளவு, என்ன தாள், பிரேமைக் கழற்றிய நிலையில் முன்பக்கமும் முதுகும் படம், சேதம் பற்றி எழுத்தில். சான்றிதழுக்குப் பெரிய மதிப்புக் கொடுக்காதீர்கள், அதை யாரும் அடிக்கலாம். விற்றவரின் பெயரும் மேற்கண்ட விவரங்களும் உள்ள பில் அதைவிட உறுதியானது.

சுங்கத்தில் ஒரு நுணுக்கம். கலைஞர் கையால் செய்த தகட்டிலிருந்து எடுத்த மூல அச்சுகளுக்குச் சுங்க வகைப்பாட்டில் 9702 என்ற தலைப்பு. இயந்திர நகல்கள் அதில் சேராது, ஜிக்லே போன்றவை 4911-க்குப் போகும். பில்லில் வெறுமனே 'போஸ்டர்' என்று எழுதி அனுப்ப விடாதீர்கள். 'ஒரிஜினல் எட்சிங்', கலைஞர் பெயர், ஆண்டு, பதிப்பு எண் எல்லாம் இருக்கட்டும்.

சின்னப் படம் என்றால் தட்டையாக இரண்டு விறைப்பான அட்டைகளுக்கு நடுவே அனுப்பச் சொல்லுங்கள். குழாயில் வந்தால் வந்தவுடன் உருவாதீர்கள். ஒரு நாள் முழுக்க அறையில் வைத்து, தாள் நம் ஊர்க் காற்றுக்குப் பழகிய பிறகு மெதுவாகப் பிரியுங்கள்.

ஏழாம் படி: பிரேம்

தேவராஜ முதலி தெருப் பக்கம் கண்ணாடியும் பீடிங்கும் வாங்கலாம், கைத்திறன் உள்ளவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சாமி படத்துக்குப் பிரேம் போடும் முறை இதற்கு ஆகாது. என் இரண்டாவது பிரிண்டை ஒரு கடையில் கொடுத்தேன். நல்ல மனிதர், படம் சுருங்கக் கூடாது என்ற அக்கறையில் பின்பக்கம் முழுக்கப் பசை தடவி ஹார்டுபோர்டில் ஒட்டிவிட்டார். மூன்று வருடத்தில் தாள் தேநீர் நிறமானது. பிரிக்கவே முடியவில்லை. நான் விளக்கிச் சொல்லாததுதான் தவறு. அதனால் இப்போது எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

பிரிண்டை எதிலும் ஒட்டக் கூடாது. மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் ஜப்பானியத் தாள் கீற்றை மாவுப்பசையால் கீல்போல வைத்துத் தொங்கவிட வேண்டும். முன்னும் பின்னும் அமிலமற்ற மவுண்ட் போர்டு. ஆண்டர்சன் தெருக் காகிதக் கடைகளில் கேட்கும்போது 'அமிலமற்றது' என்பதை அழுத்திச் சொல்லுங்கள், வெள்ளையாக இருப்பதெல்லாம் அமிலமற்றது இல்லை. கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. தொட்டால் மழைக்காலத்தில் மை கண்ணாடியோடு போய்விடும். மவுண்டின் தடிமனே அந்த இடைவெளியைக் கொடுக்கும். மவுண்டில் படம் தெரிவதற்கான சன்னலை, எண்ணையும் கையெழுத்தையும் தகட்டுப் பள்ளத்தையும் மறைக்காத அளவுக்கு வெட்டச் சொல்லுங்கள். ஓரத்தை 'அழகுக்காக' வெட்டாதே என்று இரண்டு முறை சொல்லுங்கள். வசதி இருந்தால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் போடலாம்.

எட்டாம் படி: கடற்காற்றில் காப்பாற்றுவது

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வீடுகளில் இரும்புக் கிராதியே உதிர்கிறது. தாள் எம்மாத்திரம்? காற்றில் ஈரம் பாதி அளவில் இருந்தால் தாளுக்கு நல்லது. நமக்கு அது கிடைப்பது அபூர்வம். ஈரமானி ஒன்று வாங்கி, வீட்டில் எந்தச் சுவர் உலர்ந்தது என்று ஒரு வாரம் பாருங்கள்.

ஓதம் அடிக்கும் சுவர் கூடாது. குளியலறைக்குப் பின்சுவர் கூடாது. வெயில் விழும் சுவர் கூடவே கூடாது, போன நிறம் திரும்பாது. பிரேமின் கீழ்மூலைகளில் பின்பக்கம் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்று போகும். ஆறு மாதம் ஒரு படம், அடுத்த ஆறு மாதம் வேறொன்று என்று மாற்றி மாட்டுங்கள். மாட்டாதவற்றைத் தட்டையான பெட்டியில், ஒவ்வொன்றுக்கும் நடுவே அமிலமற்ற தாள் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஜெல்லை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். வியாசர்பாடியோ ராயபுரமோ, டிசம்பர் தண்ணீர் எந்த வாசலையும் கேட்டுக்கொண்டு வராது. இடுப்புயரத்துக்கு மேலே ஏற்றிவிடுங்கள்.

எதிரிகள் மூன்று. பழுப்புப் புள்ளிகள், ராமபாணம், கரையான். புள்ளி விழுந்தால் நீங்களே ப்ளீச் போட்டுத் துடைக்காதீர்கள், காகிதச் சீரமைப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். ராமபாணம் பசையையும் மாவையும் தேடி வரும், பழைய செய்தித்தாள் கட்டுகளைப் பிரிண்ட் இருக்கும் அறையில் வைக்காதீர்கள். நாப்தலின் உருண்டை தாளைத் தொடக் கூடாது. கரையானுக்கு ஒரே வழி அடிக்கடி பார்ப்பதுதான்.

ஒன்பதாம் படி: ஒரு நோட்டு

நீளமான கோடு போட்ட நோட்டு போதும். கலைஞர், தலைப்பு, முறை, ஆண்டு, எண், தாள், அளவு, வாங்கிய இடம், தேதி, விலை, சேதம். பில்லை அதே பக்கத்தில் செருகுங்கள். முதுகையும் சேர்த்து ஃபோட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவரின் ஃபோனிலும் வையுங்கள். காப்பீடு எடுத்தாலும் விற்றாலும் பிள்ளைகளுக்குக் கொடுத்தாலும் இந்த நோட்டுதான் பேசும். படம் உங்களுடையதே தவிர, காப்புரிமை கலைஞருடையது என்பதையும் அதில் எழுதி வையுங்கள். பின்னாளில் யாராவது அதை டீ ஷர்ட்டில் அடிக்கக் கேட்டால் உதவும்.

பொங்கல் முடிந்த வாரம், மழை ஈரம் சுவரைவிட்டுப் போனபின், எல்லாப் பிரேமையும் இறக்குவேன். பின்னட்டையைத் திறந்து முதுகைப் பார்ப்பேன், லென்ஸை எடுத்து ஓரங்களைப் பார்ப்பேன், நோட்டில் தேதி போட்டு ஒரு வரி எழுதுவேன். இந்த ஜனவரியில் 14/40-க்கு எழுதியது: "கீல் உறுதி. வலது கீழ்மூலையில் கடுகளவு புள்ளி ஒன்று, போன வருடம் இருந்த அளவே. நாடாவின் கருமை அப்படியே இருக்கிறது."